மூன்று தரம் கூப்பிட்ட பெயர்

நான் வக்கீல். கூண்டில் ஏறி நின்று வாய் கூசாமல் புளுகுகிறவர்களைத் தினமும் பார்க்கிறவன். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது புளுகு இல்லை. 1942 ஏப்ரலில், திருத்தணியில், எனக்கு நடந்தது. நம்பாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு வருத்தமில்லை.

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயம். நான் பி.எல். முடித்து எம்.எல். படித்துக்கொண்டிருந்தேன். வயிற்றுப்பாட்டுக்கு ஒரு பகுதி நேர வேலை. ‘மூட்’ போட்டிக்குப் போகும் சட்ட மாணவர்களைத் தயார் செய்ய வேண்டும். மூட் என்றால் வழக்காடிப் பழகுவதற்கான பொய்க் கோர்ட். வழக்கும் கற்பனை, குற்றவாளியும் கற்பனை. ஒரு காலிப் பெஞ்சைக் காட்டி, அதுதான் கூண்டு என்போம். கோர்ட் சேவகனைப் போல வாசலில் நின்று எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவனின், பெயரை மூன்று தரம் கூப்பிடுவது நான். உள்ளே ஓடிவந்து ஜட்ஜாக உட்கார்வதும் நான்தான்.

அந்த வருஷம் என் பொறுப்பில் இரண்டு பேர். எதிரிக்காகப் பேசுகிறவன் பரந்தாமன். சர்க்கார் தரப்பு வீரபத்திரன். பட்டணத்தில் பழக முடியாததால் பரந்தாமனின் சொந்த ஊரான திருத்தணிக்கு வந்துவிட்டோம். மலையடிவாரத்தில் அவன் மாமாவுக்கு ஒரு பழைய கட்டடம் இருந்தது. பொதட்டூர்பேட்டையிலிருந்து வரும் லுங்கிக் கட்டுகளை அடுக்கும் கிடங்கு. அப்போது காலியாகக் கிடந்தது. உள்ளே கஞ்சி வாடை மட்டும் போகவில்லை.

கல்லூரி கொடுத்த வழக்கில் எதிரிக்குப் பெயர் இல்லை. பெயர் இல்லாவிட்டால் கூப்பிடுவது எப்படி? வாயில் வந்ததை வைத்தேன். அது ஏன் என் வாயில் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

முதல் நாள் மாலை. மலையில் சாயரட்சை மணி அடித்து ஓய்ந்தது. நான் வாசலில் நின்று கூப்பிட்டேன்.

“முனியன்... முனியன்... முனியன்...”

எங்களுக்குச் சமைத்துப் போட்ட கௌரியம்மாள் காப்பிச் செம்போடு படியேறி வந்துகொண்டிருந்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

“தம்பி, இது முன்னே கோர்ட்டுக் கச்சேரியா இருந்த எடங்க. இங்க நின்னு அந்தப் பேர கூப்புடாதீங்க. வேற பேரு வெச்சிக்கங்க.”

ஏன் என்று கேட்டேன். காப்பியில் சர்க்கரையைத் தூக்கலாகப் போட்டால் போதும், கேஸை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று கிண்டல் செய்தேன். செம்பை வைத்துவிட்டுப் போய்விட்டாள். படித்த திமிர், வேறென்ன.

வாதம் தொடங்கியது. எல்லாம் இங்கிலீஷில்தான். பரந்தாமன் முனியன் என்ற பெயரைச் சொன்னபோது பெஞ்சுப் பக்கமிருந்து மெதுவாக ஒரு குரல்.

“ஆங்...”

வீரபத்திரன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தெருவில் யாரோ என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் கவனித்துக் கேட்டேன். முனியன் என்ற சொல் வரும்போதெல்லாம் ஒரு ‘ஆங்’. மற்ற எதற்கும் இல்லை. அந்த இங்கிலீஷில் அவனுக்குப் புரிந்தது அவன் பெயர் ஒன்றுதான். கூப்பிட்டதும் எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கிற குடியானவன் குரல்... மற்ற இருவருக்கும் அது கேட்டதாகவே தெரியவில்லை.

பழகும்போது பரந்தாமனைத் தோற்கடிப்பது என் வழக்கம். அப்போதுதான் அவனுக்கு ரோஷம் வரும். அன்றும் குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்னேன். பையன்கள் வெளியே போனார்கள். நான் புத்தகங்களை அடுக்கினேன்.

“சாமி...”

கை நின்றது.

“வூட்டுக்குப் போலாங்களா?”

பெஞ்சு காலி.

எப்படி வெளியே வந்தேனோ தெரியாது. பையன்களிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். வேலை போகும், எம்.எல். போகும்.

மூன்றாம் நாள். கூப்பிடக் கூடாது என்று முடிவு செய்துதான் போனேன். வாசலில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

உள்ளே பெஞ்சு கிறீச்சிட்டது.

அவன் வந்து உட்கார்ந்துவிட்டான்...

மணி ஆறரை. அரிக்கேன் விளக்கை ஏற்றினோம். வீரபத்திரன் பேசினான். பரந்தாமன் பேசினான். “ஆங்...” “ஆங்...” ஒவ்வொன்றும் கொஞ்சம் கிட்டத்தில்.

கஞ்சி வாடையோடு இப்போது வேர்வை வாடையும்.

தீர்ப்பு நேரம். என் பக்கத்தில் யாரோ குனிவது போல ஒரு மூச்சு.

“வூட்டுக்குப் போலாங்களா, சாமி?”

பயம்தான். ஆனால் பயத்தைவிட அந்தக் கெஞ்சலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தமிழில், சத்தமாக, சொல்லிவிட்டேன்.

“முனியா, உன்ன வுட்டாச்சு. வூட்டுக்குப் போ.”

துண்டை உதறும் சத்தம். பட்...

காலடிகள்.

படியிறங்கி...

தெருவில்...

இல்லை.

“இன்னா சார் இது?” என்றான் பரந்தாமன். அவன் முகத்தில் சிரிப்பு இருந்தது.

அன்று நன்றாகத் தூங்கினேன். புண்ணியம் செய்துவிட்டதாக நினைப்பு.

அடுத்த நாள் கௌரியம்மாள் சமைக்க வரவில்லை. அன்றே தந்தி வந்தது. கல்லூரி மூடியாகிவிட்டது, போட்டியும் இல்லை. பழகியதெல்லாம் வீண். மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது அவள் வந்தாள். தலை காயவில்லை. சொந்த ஊர் திருவாலங்காட்டில் சாவு, அத்தை முறை, பெயர் சின்னம்மாள் என்றாள்.

பிறகு தானாகவே சொன்னாள். முப்பது வருஷத்துக்கு முன் சின்னம்மாளின் புருஷனை, அடுத்தவன் வயலில் கரும்பு வெட்டிய கேஸில் இந்தக் கச்சேரிக்குக் கொண்டுவந்தார்கள். ஜுரத்தோடு காலையிலிருந்து தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பொழுது சாயும் நேரத்தில்தான் பெயரைக் கூப்பிட்டார்கள். மூன்று தரம். எழுந்திருக்கவில்லை. தொட்டுப் பார்த்தால் உடம்பு சில்லிட்டிருந்தது.

“அவரு பேருதாங்க நீங்க கூப்புட்டது. சின்னம்மா கடைசி வரிக்கும் நம்பல. கேசு முடிஞ்சா வுட்டுடுவாங்க, வந்துடுவாருன்னு சொல்லிகினே இருக்கும்.”

எப்படிச் செத்தாள் என்று கேட்டேன்.

“நேத்து ராத்திரி கதவு தட்டுற சத்தம். ‘வுட்டுட்டாங்களா?’ன்னு சின்னம்மா கேட்டது பக்கத்து வூட்டுக்கே கேட்டுதாம். அவ்ளோ சந்தோசமா கேட்டுதாம். காலைல பாத்தா கதவு தொறந்து கெடக்குது. செவுத்துல சாஞ்சி உக்காந்த மேனிக்கே உசுரு போயிருக்குது.”

வாசல்வரை போனவள் திரும்பினாள்.

“முன்னால ரெண்டு எலைங்க, தம்பி. ரெண்டுலயும் சோறு தின்ன மிச்சம் இருந்திச்சி.”