இருபத்திரண்டு பல்

பாரிவாக்கத்தில் எங்களுக்கு அரைக் காணி நிலம். கீரைதான் போடுகிறோம். சுற்றி ஃபிளாட் வந்துவிட்டது. கிணறு இன்னும் இருக்கிறது.

விடிவதற்குள் பறித்துக் கட்டுக் கட்டுவேன். தண்ணீர் தெளித்து ஈரச் சாக்கில் சுற்றி, சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டுவேன். ஆவடி குவார்ட்டர்ஸ் வரை மிதிக்க வேண்டும். ஏழு மணிக்குள் போய்விட வேண்டும். தாண்டினால் அடுப்பில் வேறு குழம்பு கொதிக்கும். சாயங்காலம் விற்கலாம் என்றால் அதுவும் ஆகாது. ராத்திரியில் கீரை யாரும் தின்ன மாட்டார்கள். மீந்தால் மாட்டுக்கு.

போன மழைக்குப் பிறகு முழங்கால் சொன்ன பேச்சு கேட்கவில்லை. வழியில் ரயில் தண்டவாளத்துக்கு மேலே ஒரு பாலம். அதில் இறங்கித் தள்ள ஆரம்பித்தேன். கால் மணி நேரம் அதிலேயே போயிற்று. தினமும் பத்துப் பதினைந்து கட்டு திரும்பி வந்தது. மாடு கொழுத்தது.

எங்கள் நிலத்துக்குப் பக்கத்து ஃபிளாட்டில் ஒரு பெண். மதுரைப் பக்கம். கம்ப்யூட்டர் வேலை. நான் தள்ளுவதைப் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறது. ஒருநாள் கியர் சைக்கிள் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தது.

"அக்கா, எங்க வீட்டுக்காரரு தொப்பை குறைக்க வாங்குனாரு. நாலு நாள் ஓட்டுனாரு. தொப்பை அப்படியே இருக்கு, வண்டிதான் தூசியா கெடக்கு. நீங்க ஓட்டுங்க."

"எத்தினி கியரும்மா?"

"இருபத்தொண்ணு."

வாங்கிக்கொண்டேன். கேரியர் மாட்டினேன். முதல் நாள் பாலத்தில் இறங்காமல் ஏறினேன். சிரிப்பு வந்தது. யாரும் பார்க்கவில்லை.

அந்த வண்டியில் பின் சக்கரத்தை ஒட்டி ஒரு கை மாதிரி தொங்கும். அதுதான் செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிப் போடும். என் சாக்கு சொட்டுகிற தண்ணீரும் மண்ணும் நேராக அதன் மேல்தான் விழுந்தது. கீரைக்கு ஈரம் வேண்டும். சொட்டாமல் கொண்டுபோக முடியாது. ஒரு வாரம் ஓடியது. எட்டாம் நாள் பாதிப் பாலத்தில் கியரை மாற்றினேன். கடகடவென்று சத்தம். செயின் கழன்று உள்ளே மாட்டிக்கொண்டது. அன்றைக்கு மாட்டுக்கு முப்பது கட்டு.

மெக்கானிக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அவர் என்னைவிடச் சின்னவர். வாய் பெரிது. வண்டியைத் தலைகீழாகத் திருப்பினார். மண் கொட்டியது. ஒரு முளைக்கீரை இலையும் விழுந்தது.

"இன்னா யக்கா, வண்டில வந்தியா, ஏர் ஓட்டிகினு வந்தியா? இன்னும் ரெண்டு நாள் வுட்டா இங்கியே பாத்தி கட்லாம்."

"ஓடுமா, ஓடாதா?"

"தொடச்சா ஓடும். டெய்லி தொடைக்கணும். ஆமா, எத்தினி கியரு போட்ட நீ?"

"ரெண்டு."

"மீதி பத்தொம்பது?"

"சும்மா கீது."

அவர் சிரித்தார். நான் யோசித்தேன். தினம் துடைக்க நேரம் இல்லை. இருபத்தொன்று எனக்கு வேண்டாம். பாலம் ஏறுகிற ஒன்று போதும்.

"நைனா, என் பழைய வண்டிலயே லேசா மிதிக்கிற மாதிரி பண்ண முடியுமா?"

"பின்னாடி பல்சக்கரத்த மாத்துனா போதும். உன்துல பதினெட்டு பல்லு. பல்லு ஏற ஏற மிதி லேசாவும். போய் அந்த வண்டிய எட்துகினு வா."

பழைய வண்டிக்குச் செயினை மூடுகிற முழுக் கவர் உண்டு. மண் போகாது. இருபது பல் போட்டார். தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார்.

"பஞ்சு மாரி போவுது."

"கீரை இல்லாம பஞ்சு மாரிதான் போவும்."

மறுநாள் நனைந்த சாக்கோடு ஏறினேன். முக்கால் பாலம் வரை வந்தது. அங்கே முழங்கால் வேண்டாம் என்றது. இறங்கினேன். விற்றுவிட்டு நேராகக் கடைக்குப் போனேன்.

"இன்னும் ரெண்டு பல்லு."

"இருபத்திரண்டா? யக்கா, அப்பால சம ரோட்ல சும்மா சும்மா மிதிச்சிகினே இருக்கணும். வேகம் வராது. நாய் தொர்த்துனா இன்னா பண்ணுவ?"

"நாய் கீரை துன்னாது."

போட்டார். செயின் எட்டவில்லை. இரண்டு கண்ணி சேர்த்தார். பல்சக்கரம் கவரில் உரசியது. சுத்தியலால் கவரை நாலு தட்டு தட்டினார். அழகு போயிற்று. உரசல் நின்றது.

இந்தத் தடவை அவரை ஓட்டிப் பார்க்க விடவில்லை. காலையில் சாக்கை நன்றாக நனைத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். சம ரோட்டில் கால் ஓயவில்லை. பேப்பர் போடுகிற வண்டியெல்லாம் என்னைத் தாண்டிப் போயின. போகட்டும். பாலம் வந்தது. அடிபம்பில் தண்ணீர் அடிக்கிற மாதிரி ஒரே சீராக மிதித்தேன். முக்கால் பாலம் வந்தது. முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை. உச்சியில் காற்று அடித்தது. இறக்கத்தில் மிதிப்பதை விட்டுவிட்டேன்.

குவார்ட்டர்ஸில் முதல் வீட்டு அம்மா பல் துலக்கிக்கொண்டு நின்றார்.

"இன்னாம்மா, இன்னும் ஸ்டவ்வே பத்த வெக்கல. அதுக்குள்ள வந்துட்ட?"

"ஆறே முக்கால்" என்றேன். ரெண்டு கட்டு எடுத்தார். பக்கத்து வீட்டையும் கூப்பிட்டார்.

கியர் சைக்கிளைக் கழுவித் துடைத்து அந்தப் பெண்ணிடமே திருப்பிக் கொடுத்தேன். கூடவே நாலு கட்டு அரைக்கீரை. "தொப்பை அப்படியேதானே கீது" என்றேன். அது உள்ளே பார்த்துச் சிரித்தது. உள்ளே வீட்டுக்காரர் டி.வி. சத்தத்தைக் கூட்டினார்.

அன்றைக்குச் சாக்கு காலி. வீட்டுக்கு வந்து உதறினேன். மாடு எழுந்து நின்று என் கையைப் பார்த்தது.

வைக்கோல் போட்டேன்.