வாய்விட்டுக் கேட்காத வசனம்

போன வருடம் ஆகஸ்ட் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் நடந்தது இது. நான் சிமெண்ட், கம்பி விற்கிற கடை வைத்திருக்கிறேன். எங்கள் தேவாலய சபையில் கமிட்டி உறுப்பினராகவும் இருக்கிறேன். எனக்குக் கோபம் அதிகம். நேர்மையான ஆளுக்குத்தான் கோபம் வரும் என்று அதுவரை பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்.

அதற்கு முந்தின வருடம் எங்கள் சொந்தக்காரர் ஒருவர் போனில் வந்த ஏதோ இணைப்பைத் தொட்டு ஏமாந்து போனார். உடனே நான் குடும்பத்துக்கே காவல்காரன் ஆனேன். இணையத்தில் ஒரு கணக்கு தொடங்கினேன். உள்ளே எதைப் போட்டாலும் அது பூட்டிவிடும். பாஸ்வேர்டு இல்லாமல் அந்தக் கம்பெனிக்காரனே நினைத்தாலும் திறக்க முடியாது. பாஸ்வேர்டு மறந்துபோனால் உதவும் என்று சில சொற்களைக் காட்டி, எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னது. எனக்கு எதற்கு அதெல்லாம் என்று தள்ளிவிட்டேன்.

வீட்டில் எல்லாருடைய முக்கியமான காகிதங்களையும் வாங்கி அதில் ஏற்றினேன். ஏரலில் இருக்கும் என் தங்கை மகள் நர்சிங் படித்தவள். அவளுடைய சான்றிதழ்களின் ஸ்கேன்களையும் ஏற்றிவிட்டு, அவள் போனில் இருந்தவற்றை என் கையாலேயே அழித்தேன்.

"மாமா, எங்கிட்டயும் ஒரு காப்பி இருக்கட்டுமே" என்றாள்.

"ஒன் போனு சந்தக்கடை மாதிரி கெடக்கு. எங்கிட்ட இருந்தா பேங்கு லாக்கர்ல இருக்க மாதிரி" என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் அவள் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தாள். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்குத் தேர்வாகியிருந்தாள். ஒரிஜினல் சான்றிதழ்களை எல்லாம் ஏஜென்சிக்காரர்கள் அட்டஸ்டேஷனுக்காக, அதாவது அரசாங்க முத்திரை வாங்க, டெல்லிக்கு அனுப்பியிருந்தார்கள். திடீரென்று அந்த ஆஸ்பத்திரி, எல்லாவற்றின் கலர் ஸ்கேனையும் அன்று மாலை ஐந்து மணிக்குள் ஏற்றச் சொல்லிவிட்டது. கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ் செல்லாது. ஏஜென்சியில் ஸ்கேன் எடுத்து வைக்கவில்லை. நேரம் தாண்டினால் அந்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும்.

"மாமா வச்சிருக்கும்போது எனக்கென்ன பயம்" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

என் பாஸ்வேர்டைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எங்கள் சபையில் புத்தாண்டு ஆராதனையில் ஒவ்வொருவரும் ஒரு வாக்குத்தத்த அட்டை எடுப்போம். அதில் இருக்கும் வசனம் அந்த வருடம் முழுவதும் நமக்கு உரியது. அந்த வசனம் வேதத்தில் எந்த இடத்தில் இருக்கிறதோ அதையே ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் பாஸ்வேர்டாகப் போடுவது என் பழக்கம். யாரிடமும் சொன்னதில்லை. ஜனவரியில் மாற்றியதோடு சரி, பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை.

கம்ப்யூட்டரைத் திறந்து பாஸ்வேர்டை அடிக்க விரல் வைத்தேன். வசனம் வரவில்லை.

முந்தைய வருட வசனத்தைப் போட்டேன். தவறு என்றது. மனப்பாடமான வசனங்களை ஒவ்வொன்றாகப் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து முயலச் சொல்லி மூடிக்கொண்டது. அட்டையைத் தேடினேன். சட்டைப் பையில் போட்ட ஞாபகம். சட்டையோடு வெளுப்புக்குப் போயிருக்கும்.

அப்போது நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான். அடுப்படியில் நின்ற என் மனைவியிடம், இந்த வருடம் எனக்கு வந்த வசனம் என்ன என்று கேட்டிருக்க வேண்டும். வாய் வரவில்லை. ஞாயிறுதோறும் சபையில் நான் எடுக்கும் திடப்படுத்தல் வகுப்பில் பிள்ளைகள் வசனம் மறந்தால் எழுப்பி நிறுத்தித் திட்டுகிறவன் நான். முந்தின ஞாயிறுகூட ஒரு பிள்ளையை, "சோறு திங்க மறக்கியா? வசனம் மட்டும் எப்படிட்டி மறக்கு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டு அழ வைத்திருந்தேன். அப்படிப்பட்டவன் தன் வசனத்தையே மறந்துவிட்டான் என்று வீட்டில் தெரிவதா?

அதனால் பொய் சொன்னேன். "கம்பெனிக்காரன் மெஷின்ல ஏதோ கோளாறு" என்றேன். அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. மனைவியைக் கூப்பிட்டேன்.

"ஏட்டி, என் கம்ப்யூட்டரை நீ தொட்டியா?"

"தூசி தொடைக்கக்கூட பயந்துகிட்டு நான் அங்கன வர்றதில்ல."

"அப்ப பாஸ்வேர்டு தானா மாறிட்டோ?"

"எனக்கு என்னங்க தெரியும்? நீங்க என்னத்த போட்டீங்கன்னு சொன்னா..."

"சொன்னா நீ வந்து கிழிச்சிருவியாக்கும். வாய மூடிட்டுப் போ."

அவள் போய்விட்டாள். தங்கை மகள் மெல்லப் பக்கத்தில் வந்து, "மாமா, எதை வச்சிப் போட்டீங்கன்னாவது சொல்லுங்க. மூணு பேரும் சேந்து யோசிப்போம்" என்றாள். அவளிடமும் கத்தினேன். கம்பெனிக்கு எழுதியிருக்கிறேன், பதில் வரும், சும்மா இரு என்றேன்.

மத்தியானத்துக்கு மேல் பதில் வந்தது. ரொம்ப மரியாதையாக எழுதியிருந்தார்கள். பாஸ்வேர்டைப் புதிதாக மாற்றித் தரலாம். ஆனால் பழைய பாஸ்வேர்டு இல்லாமல் உள்ளே இருப்பதைத் திறக்க எங்களால் முடியாது, யாராலும் முடியாது என்று. நான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட அதே விஷயம். வாய்க்கு வந்தபடி திட்டி இன்னொரு கடிதம் அனுப்பினேன். அதைப் படித்த ஆள் எந்த ஊரில் இருந்தாரோ, அவரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

தங்கை மகள் வாசலில் நின்று ஏஜென்சிக்குப் போன் செய்துகொண்டே இருந்தாள். திங்கட்கிழமை வரை நேரம் கேட்டாள். கிடைக்கவில்லை. ஐந்து மணிக்கு அவள் போனில் ஸ்கேன்களை ஏற்ற வேண்டிய பக்கம் மூடிக்கொண்டது. அவள் அழவில்லை. ஏரலுக்குப் போன் போட்டு, "இல்லம்மா, மாமா எவ்வளவோ பாத்தாவ. அந்தக் கம்பெனியில ஏதோ கோளாறாம். மாமாவ ஒண்ணும் சொல்லாத" என்றாள். நான் சொன்ன பொய்யை நம்பி எனக்காகவே பேசினாள்.

காலையில் போகலாம் என்று மனைவி அவளை நிறுத்திவிட்டாள். சாயங்காலம் வழக்கம்போல் குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். ஜெபிப்பது என் மனைவிதான். நான் கண்ணை மூடிக்கொண்டு கடைக் கணக்கை யோசிப்பேன். அன்று யோசிக்க எதுவும் ஓடவில்லை. முதலில் தங்கை மகளுக்காக ஜெபித்தாள். அடுத்து எனக்காக. என் வாக்குத்தத்த வசனத்தைச் சொன்னாள். அது வேதத்தில் எந்தப் புத்தகத்தில், எந்த அதிகாரத்தில், எத்தனையாவது வசனம் என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

ஆமென் வந்ததும் எழுந்து போய் அதைத் தட்டினேன். உடனே திறந்தது. அவளுடைய சான்றிதழ்கள் எல்லாம் வரிசையாக இருந்தன.

மூடிவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். யோசித்தது உண்மை. அதற்குள் தங்கை மகள் பின்னால் வந்து நின்றாள்.

"தொறந்துட்டா மாமா? எப்படி?"

சொன்னேன். வசனம் மறந்ததை, கேட்க வெட்கப்பட்டதை, கோளாறு என்று சொன்னது பொய் என்பதை, எல்லாம். அவள் அங்கேயே நின்று ஸ்கேன்களை ஏஜென்சிக்கு அனுப்பினாள். இடம் போய்விட்டது என்று பதில் வந்தது.

"அத்தைகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா மாமா" என்றாள். உள்ளே போய்ப் படுத்துவிட்டாள்.

என் மனைவி கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். காலையில் அவள் மேல் பழி போட்டதற்காகச் சண்டை பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். பிடித்திருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அப்ப தெனமும் நான் ஜெபம் பண்ணுதேனே, ஒருநாள்கூட ஒங்க காதுல விழலியா?" என்று கேட்டாள்.



மறுநாள் தங்கைக்கு நானே போன் செய்து உண்மையைச் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவள் போனை வைத்துவிட்டாள். அவள் மகள் இப்போது திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். வெளிநாட்டுக்கு மறுபடியும் முயற்சி செய்கிறாள். எனக்கு இப்போதும் கோபம் வருகிறது, வரவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். ஆனால் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவள் பழையபடியே, "நல்லா இருக்கீங்களா மாமா" என்று சிரித்த முகத்தோடு கேட்கிறாள்; அந்த ஒரு கேள்விக்கு அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல இன்றுவரை என்னால் முடியவில்லை.