காலியாக இருந்த ஆணி

சித்திரை வெயிலில் பஸ்ஸை விட்டு இறங்கிய எனக்கு, சுரங்க வாசலில் முகத்தில் அடித்த காற்று ஐஸ் பெட்டியைத் திறந்த மாதிரி ஜில்லென்று இருந்ததுதான் முதல் குழப்பம். பூமிக்குள் நெருப்பு இருப்பதாகத்தான் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பெனியில் வேலை பார்த்த அப்பா, நாங்கள் கூப்பிடுவது "நைனா", தொழிலாளர்கள் சேர்ந்து போட்ட டூரில் என்னைக் கர்நாடகா பக்கம் ஒரு பழைய தங்கச் சுரங்கம் பார்க்கக் கூட்டிப் போயிருந்தார். எனக்குப் பத்து வயது.

வாசலில் ஆளுக்கொரு பித்தளைப் "பில்லை" கொடுத்தார்கள். வெளியே வந்ததும் அதை வாசல் பலகையில் ஆளுக்கொன்றாக அடித்திருந்த ஆணியில் மாட்டிவிட வேண்டும். உள்ளே ஈரப் பாறையும் தண்டவாளமும்தான், தங்கம் ஒரு பொட்டுகூட இல்லை. ஏமாந்துபோன நான், மஞ்சளாக மின்னிய ஒரே பொருளான அந்தப் பில்லையைப் பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

எல்லாரும் வெளியே வந்த பிறகு ஒரு ஆணி காலியாக இருந்தது. எங்கள் பஸ் ஆட்கள் சரியாக இருந்தார்கள், ஆனால் வேறு ஊர்க்காரர்களும் வந்திருந்தார்கள். பில்லை எங்கேயாவது விழுந்திருக்கும் என்று காவலாளி கதவைப் பூட்டப் போனார். நைனா விடவில்லை, அவர் கம்பெனியில் அணைத்த உலைக்குள் பழுதுபார்க்க இறங்குகிறவர்களுக்கும் இதே வழக்கம், கடைசிப் பில்லை திரும்பாமல் யாரும் உலைச் சுவிட்சைத் தொடமாட்டார்கள்.

"ஆணி காலியா கீது. அப்போ ஆளு உள்ள கீறான்," என்று டார்ச்சை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சொல்லித் தொலைத்திருக்கலாம். முதலில் அடி விழுமே என்று பயம், பிறகு இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வதென்று பயம், அதற்கும் பிறகு, பாழாய்ப்போன புத்தி, நான்தான் இன்னும் உள்ளே இருக்கிறேனோ என்றே குழம்பிப்போனேன். நைனா பாறையில் இடித்துக்கொண்ட நெற்றியில் ரத்தத்தோடு, யாரும் கிடைக்காமல் திரும்பினார். பஸ் கிளம்பியதும் பில்லையை ஜன்னல் வழியே எறிந்துவிட்டேன்.

அதன்பிறகு சோற்றில் கை வைத்தபடியே, ஒரு ஆளை விட்டுவிட்டு வந்துவிட்டதாகப் புலம்புவார். கடைசியாக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் அந்த ஆள் வெளியே வந்தானா என்றே கேட்டார். பில்லை என்னிடம்தான் இருந்தது என்று அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். அவருக்குக் கோபமே வரவில்லை.

"நீ என் கையப் புட்சிக்கினு வெளிய வந்தியேம்மா. நான் உள்ள கீறவனக் கேக்கறேன்."

இப்போது அந்தச் சுரங்கத்துக்குள் யாரையும் விடுவதில்லை. சிப்காட்டில் முகத்தைக் காட்டினால் மெஷினே பதிந்துகொள்கிறது, பில்லைப் பலகைகளைக் காணோம். இன்னும் எப்படிச் சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பாரோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நைனா போய்விட்டார், ஒருத்தனை உள்ளே விட்டுவிட்டு வந்தவராகவே.