நான் நின்ற இடம்

என்னிடம் ஏழு கொப்பிகள் இருக்கின்றன. குடும்பத்தோடு பார்த்த உதைபந்தாட்டங்கள் மட்டும்தான் அவற்றில் இருக்கும். ஒரு பக்கத்துக்கு ஆறு கட்டம். திகதி, ஆடிய அணிகள், கோல் விழுந்த நிமிடங்கள், ரீவிக்கு முன்னால் இருந்தவர்கள், என்ன சாப்பிட்டோம் என்பவை முதல் ஐந்து. ஆறாவது கட்டம் வேறெந்த ரசிகரின் கொப்பியிலும் இருக்காது என்று நினைக்கிறேன். அதன் தலைப்பு ‘நான் நின்ற இடம்’.

அந்தக் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே வாசித்தால் இப்படிப் போகும்: குசினி. பல்கனி. மாடிப்படி. உடுப்புத் தோய்க்கும் அறை. டெப்பனர் கடை வாசல். பல்கனி. பல்கனி, மழை. கார்.

காரணம் என் முழிவியளம். ஒரு காரியத்துக்குப் புறப்படும்போது எதிரே வரும் முகம் நல்லதா கெட்டதா என்று எங்கள் ஆட்கள் பார்ப்பார்கள். அதற்குத்தான் அந்தப் பெயர். பயணத்துக்கும் பெண் பார்க்கப் போவதற்கும் உரிய அந்தச் சாத்திரத்தை உதைபந்துக்குக் கொண்டுவந்தவர் என் அண்ணன். ஞாயிறு தவறாமல் தேவாலயப் பூசைக்குப் போகிற குடும்பம் எங்களுடையது. இதெல்லாம் மூடநம்பிக்கை என்று சுவாமியார் பிரசங்கத்தில் சொன்னால் முதலில் தலையாட்டுவதும் அண்ணன்தான்.

தொடங்கியது நாங்கள் மொன்றியலுக்கு வந்து இரண்டாம் வருடம். அப்பாவின் அணி சிவப்புச் சட்டை. பெயரைச் சொன்னால் பாதிப் பேர் வாசிப்பதை நிறுத்திவிடுவார்கள் என்பதால் சொல்லவில்லை. அன்றைக்கு ஒரு இறுதியாட்டம், சமநிலையில் முடிந்து பெனால்டிக்குப் போனது. அந்த நேரம் பார்த்து அம்மா என்னைப் பால் வாங்க டெப்பனருக்கு அனுப்பினார். நான் பால் பெட்டியோடு மூன்றாம் மாடிக்கு ஏறி வரும்போது வீட்டுக்குள் கூச்சல். அண்ணன் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார். அவர் என்னைக் கட்டிப்பிடித்தது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான். அடுத்த வருடம் இன்னொரு பெரிய ஆட்டம். நான் ஆரம்பம் முதல் கடைசிவரை கதிரையை விட்டு எழும்பவில்லை. தோற்றோம். அண்ணன் இரண்டையும் சேர்த்துக் கணக்குப் பார்த்துவிட்டார். அதன் பிறகு ஆட்டம் இறுகினால் அவர் என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் எழும்பிப் போவேன்.

ஏன் போனேன் என்று மகள் கேட்டிருக்கிறாள். முதலில் அண்ணன் சொல்லைத் தட்டாத வயது. பிறகு, தொண்ணூறு நிமிடம் பார்த்தவன் கடைசிப் பத்து நிமிடத்துக்காக வீட்டில் சண்டை பிடிப்பதா என்ற எண்ணம். இப்படியே முப்பது வருடம் போய்விட்டது. ஒரு ஆட்டத்தைத் தீர்மானித்த பெனால்டி உதை ஒன்றைக்கூட அது நடக்கும் நேரத்தில் நான் கண்டதில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் நின்று சத்தத்தை வைத்துத்தான் அறிந்திருக்கிறேன். பிறகு திரும்பப் போடுவார்கள், பார்க்கலாம் என்பார்கள். ஆறின தேத்தண்ணியும் தேத்தண்ணிதான்.

புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சிய அலுவலகத்தில் இருப்புக் கணக்கு எழுதுவது என் வேலை. என் பதிவேட்டில் இருநூற்றுப் பதினான்கு பெட்டி என்று இருந்தால் யாரும் என்னோடு வாதாட மாட்டார்கள். தட்டுகளைத்தான் திரும்ப எண்ணுவார்கள். லவாலில் அண்ணன் வீட்டுக்குள் நுழைந்ததும் நான் ஒரு கெட்ட சகுனம்.

அம்மா இறந்த பிறகு அப்பா அங்கேதான் இருக்கிறார். இப்போது வயது எண்பத்துமூன்று. மூன்று வருடமாகக் கண்ணின் நடுப்பார்வை குறைந்துகொண்டு வருகிறது. ஒருவரை நேரே பார்த்தால் அவருக்குக் காது தெரியும், மூக்குத் தெரியாது. ரீவியில் பச்சை நிறமும் ஓரத்தில் ஓடுகிறவர்களும் தெரிவார்கள். பந்து தெரியாது. யாராவது பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டும்.

அண்ணன் சொல்வார். அவர் சொல்வது இப்படி இருக்கும்: “போறான், போறான், ஐயோ, விட்டிட்டான், அட நாசமாப் போனவனே.” அப்பா, யார் போனது, எதை விட்டது என்று கேட்பார். அதற்குள் பந்து மறுபக்கம் போயிருக்கும். அண்ணன் அடுத்த ஐயோவில் இருப்பார்.

ஒரு சனிக்கிழமை அண்ணனுக்கு வேலை. நான்தான் அப்பாவுக்குச் சொன்னேன். எனக்குத் தெரிந்தது ஒரு முறைதான்: பந்து எங்கே, யார் காலில், எந்தப் பக்கம் திரும்பினான், எதிராளி எத்தனை அடி தள்ளி. அரைமணி நேரம் அப்பா ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, “நீ சொல்லேக்க எனக்குப் பந்து தெரியுது” என்றார். ஊரில் அந்த அணியை அவர் கண்ணால் காண்பதற்கு முன் இருபது வருடம் வானொலியில் கேட்டவர். சொல்வதைப் படமாக்கிக்கொள்ளும் பழக்கம் அவருக்கு எப்போதோ வந்துவிட்டது.

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு ஆசை. ஒரு பெரிய ஆட்டத்தை அப்பாவின் பக்கத்தில் இருந்து, கடைசி உதைவரை அவருக்குச் சொல்லி முடிக்க வேண்டும். அவருடைய வயதில் இதைத் தள்ளிப்போட முடியாது. நடுவில் நின்றது என் முழிவியளம்.

ஆகவே போன சித்திரையில் காலிறுதி வந்தபோது நான் தயாராகப் போனேன். ஒரு வாரம் வேலை முடிந்து வந்து ஏழு கொப்பிகளையும் புரட்டி, இறுகிய ஆட்டங்களை மட்டும் பொறுக்கி, ஒரே தாளில் சுத்தமாக எழுதினேன். நான் வெளியே நின்றபோது வென்றதும் தோற்றதும் ஏறக்குறையச் சரிபாதி. அண்ணன் வேலைக்குப் போன நாட்களில் உள்ளே இருந்தபோதும் அப்படியேதான். எனக்கும் முடிவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

ஆட்டம் பிற்பகல் மூன்று மணிக்கு. அரைநாள் விடுப்பு எடுத்திருந்தேன். இரண்டே முக்காலுக்கு அண்ணன் வீட்டு பேஸ்மென்றில் அப்பாவுக்கு இடப்பக்கத்தில் உட்கார்ந்தேன். அவருக்கு இடது காதுதான் நல்லாய்க் கேட்கும். அண்ணி ரோல்ஸ் பொரித்து வைத்திருந்தார். அண்ணன் தன் பழைய சிவப்புச் சட்டையைப் போட்டிருந்தார். அது அவருக்கு இப்போது தொப்புள்வரைதான் வரும்.

நான் சொல்லத் தொடங்கினேன். பதினேழாம் நிமிடம் எங்களுக்குக் கோல். அண்ணன் கத்துவதற்கு முன்பே அப்பா கையை உயர்த்திவிட்டார், அந்தப் பந்து எங்கே போகும் என்று அவருக்கு என் சொல்லில் விளங்கியிருந்தது. அறுபத்துநான்காம் நிமிடம் அவர்கள் ஒன்று போட்டார்கள். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பார்க்காததுபோல் சொல்லிக்கொண்டே இருந்தேன். மேலதிக நேரத்திலும் ஒன்றும் நடக்கவில்லை. பெனால்டி.

அண்ணன் ரீவியின் சத்தத்தைக் குறைத்தார். அண்ணியும் ரோல்ஸ் தட்டோடு அப்படியே நின்றார். நான் தாளை எடுத்து விரித்து, ஒரு வரி விடாமல் வாசித்தேன்.

அண்ணன் கடைசிவரை கேட்டார். “அப்ப நீ உள்ள இருந்து தோத்ததும் இருக்குத்தானே?”

“ஓம். ஆனா அண்ணை…”

“பேந்தென்ன?”

அவரோடு கதைத்துப் பயனில்லை. நான் அப்பா பக்கம் திரும்பினேன். இரண்டு மணித்தியாலத்துக்கு மேலாக என் வாயால் பந்தைப் பார்த்தவர் அவர். அவன் இருக்கட்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் அண்ணனால் ஒன்றும் செய்ய முடியாது.

அப்பா என் கையைத் தட்டினார். “தம்பி, நீ ஒருக்கா வெளியில போய் நில் ராசா.”

முப்பது வருடமாக அண்ணன்தான் என்னை வெளியே அனுப்புகிறார் என்று நினைத்திருந்தேன். அண்ணன் திரும்பிப் பார்த்த ஒவ்வொரு முறையும் அப்பாவும் அதே அறையில்தான் இருந்தார். ஒரு நாளும் மறுத்துச் சொன்னதில்லை. இதைக் கவனிக்க எனக்கு ஏழு கொப்பி போதவில்லை.

படியேறி, சப்பாத்தைப் போட்டு, வெளியே வந்தேன். ஜக்கெற்றை உள்ளேயே விட்டுவிட்டேன். திரும்பிப் போய் எடுக்க மனம் வரவில்லை. வாசலில் கூட்டி ஒதுக்கிய பனி கறுத்துப்போய்க் கிடந்தது. காருக்குள் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினேன். நேரம் ஐந்து முப்பத்தைந்து. ஃபோனில் ஆட்டம் பார்ப்பதற்கு மகள் ஏற்பாடு செய்து தந்திருந்தாள். வீம்புக்கு அதைத் திறந்தேன். அவர்கள் வேண்டாம் என்றால் நானாவது பார்க்கிறேன்.

அப்போது அப்பாவின் அழைப்பு வந்தது. அவருடைய ஃபோனில் பெரிய பொத்தான்கள். இரண்டை அழுத்தினால் நான்.

“தம்பி, இவன் சொல்லுறது ஒண்டும் விளங்கேல்லை. நீ சொல்லு.”

அப்படியென்றால் உள்ளே வருகிறேன் என்றேன். வேண்டாம், அங்கேயே நின்று சொல்லு என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு ஃபோனை வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. படத்தின் சத்தத்தை நிறுத்திவிட்டு, நடுவர் இரண்டு கோல் கீப்பர்களோடும் கதைத்துக்கொண்டிருக்கிறார் என்று சொன்னேன். நான் சொல்லி முடிப்பதற்குள் ஃபோனுக்குள் அண்ணனின் கூச்சல்: கோல்.

என் திரையில் இன்னும் யாரும் பந்தை வைக்கவே இல்லை. கைக்கடிகாரத்தில் பார்த்தேன். அவர்களுடைய ரீவிக்கும் என் ஃபோனுக்கும் நாற்பத்தொரு விநாடி வித்தியாசம். என் வாழ்க்கையில் முதல்முறை பெனால்டி பார்க்கக் கிடைத்தது, அதுவும் நாற்பத்தொரு விநாடி பிந்தி.

நான் சொல்வது பிந்தித்தான் வரும், உங்களுக்குச் சத்தத்திலேயே முடிவு தெரிந்துவிடுமே என்று அப்பாவிடம் சொன்னேன்.

“அவங்கள் கத்தட்டும். நீ உன்ர நேரத்துக்குச் சொல்லு.”

சொன்னேன். அங்கே ஒரு உதை முடிந்து அடுத்தவன் நடந்து வரும்போது நான் முந்தியவனின் ஓட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் அண்ணன் குதிப்பதும் சபிப்பதும் கேட்டன. கொஞ்சம் சும்மா இரு, இவன் இன்னும் அடிக்கவில்லை என்று அப்பா அவரை அதட்டியதும் கேட்டது. கோல், கோல், ஒரு தடுப்பு, மறுபடி கோல். எங்கள் கடைசி ஆள் அடித்தால்தான் தொடர்ந்து இருக்கலாம் என்ற நிலை வந்தது.

வீட்டிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. யாரோ ரீவியை நிறுத்துவது மட்டும் கேட்டது.

என் திரையில் அந்த ஆள் நடுவட்டத்திலிருந்து பந்தோடு நடந்து வந்துகொண்டிருந்தான். நான் சொல்வதை நிறுத்தினேன். முடிந்துவிட்டது என்று எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும்.

“சொல்லு,” என்றார் அப்பா. “அவன் இன்னும் அடிக்கேல்லைத்தானே?”

சொன்னேன். பந்தைச் சட்டையில் துடைக்கிறான். வைக்கிறான், பிடிக்கவில்லை, திருப்பி வைக்கிறான். ஐந்து அடி பின்னுக்கு. இடது கால். கீப்பர் தன் வலப்பக்கம் பாய்கிறார், பந்து மறுபக்கம் போகிறது. தூணின் உள்பக்கத்தில் பட்டு வெளியே வருகிறது.

“கீப்பர் மற்றப் பக்கமோ போனவர்?”

“ஓமப்பா.”

“அப்ப நல்ல அடிதான்.”

நான் உள்ளே போனபோது அண்ணன் சோபாவில் கால் நீட்டிக் கிடந்தார். என்னைக் கண்டதும் அண்ணியிடம் சொன்னார்: “இவன் ஃபோனுக்குள்ளால உள்ள வந்திட்டான். பேந்தெப்பிடி வெல்லுறது?” நான் வெளியேதான் நின்றேன், உங்கள் சொல்லுக்குத்தான் நின்றேன் என்றேன். குரல் உள்ளே இருந்ததே என்றார். ஆறாவது கட்டத்தில் ‘உள்ளே’ என்று எழுதச் சொன்னார், எழுதும்வரை பார்த்துக்கொண்டிருக்கப் போவதாகவும் சொன்னார். அண்ணி என் கையில் ஒரு ரோலைத் தந்தார். அது ஆறியிருந்தது.

வீட்டுக்கு வந்து எழுதினேன்: ‘கார், அண்ணன் வீட்டு வாசல், ஜக்கெற் இல்லை.’ நான் நின்ற இடம் அதுதான். அதில் யாரும் கைவைக்க விடமாட்டேன்.

மறுநாள் காலை அப்பா ஃபோன் எடுத்து, என்ன எழுதினாய், வாசி என்றார். ஆறு கட்டத்தையும் வாசித்தேன். நாலாவதைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். ரீவிக்கு முன்னால் இருந்தவர்கள்: அப்பா, அண்ணன், அண்ணி.

“உன்ர பேரைப் போடேல்லையோ?”

போடவில்லை, கடைசி உதைக்கு நான் அங்கே இருக்கவில்லை, என்னை அனுப்பியதே நீங்கள்தான் என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. “போடு,” என்றார் அப்பா.

இரண்டு நாள் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். ஏழு கொப்பியிலும் நடக்காத ஒன்றை நான் எழுதியதில்லை. கடைசியில் நாலாவது கட்டத்தில் என் பெயரைப் பென்சிலால் போட்டேன். அப்பாவிடம் அதையும் சொன்னேன். அடுத்த பெரிய ஆட்டத்தில் கடைசிவரை என்னைப் பக்கத்தில் வைத்திருந்தால் பேனாவால் எழுதுகிறேன் என்றேன்.

“பாப்பம்,” என்றார்.