எல்லையில் அப்பாவே கதைத்தார்

வான் வண்டியில் இருந்தது நாலு பேர். ஸ்டியரிங்கில் அப்பா, பக்கத்தில் அம்மா, பின்னால் நானும் பன்னிரண்டு வயதுத் தங்கச்சியும். அண்ணை வரவில்லை. அவர் வேலைக்கு நின்ற டெப்பனர் என்னும் மூலைக் கடையில் அந்தக் கிழமை லீவு கொடுக்கவில்லை.

அண்ணை இல்லாமல் நாங்கள் எங்கும் போனதில்லை. மொன்றியலுக்கு வந்த நாளிலிருந்து வங்கியோ ஆஸ்பத்திரியோ, எந்த யன்னலுக்கு முன்னால் அப்பா நின்றாலும் அண்ணைதான் கதைப்பார். அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடம் போனவர்கள் அல்லர். திருகோணமலைக் கரையில் வலை இழுத்த குடும்பம். அண்ணையின் படிப்பைச் சண்டை பாதியில் நிறுத்திவிட்டது. பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான்தான். அந்தப் பெருமையில் விடுமுறைத் திட்டம் போடும் வேலையையும் நானே எடுத்துக்கொண்டேன்.

அப்பா கரி அடுப்பில் கோழி வாட்டும் ஒரு போர்த்துக்கீசக் கடையில் வேலை செய்தார். ஜூலையில் முதலாளி ஊருக்குப் போகும் பத்து நாள் மட்டும் கடை பூட்டு. அந்தப் பத்து நாளும் அப்பா வீட்டில் படுத்திருப்பதுதான் வழக்கம். அந்த வருடம் எங்கள் எல்லோருக்கும் கனடாப் பாஸ்போட் கையில் வந்திருந்தது. அமெரிக்காவில் மெய்ன் கடற்கரை, காரில் ஐந்தரை மணித்தியாலம். ஹோட்டல் எங்களுக்குக் கட்டாது. கடலுக்குப் பத்து நிமிடத் தூரத்தில், காட்டுக்குள், மலிவாகக் கூடாரம் போட இடம் கிடைத்தது. குசினி மேசையில் கடதாசியை விரித்து விளக்கினேன்.

"காம்பிங் போவம், அம்மா. மூண்டு இரவு."

அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தினார்.

"காம்போ? சும்மா கிடைச்ச காம்பிலையே இருக்கேலாமல்தானே இஞ்சை ஓடி வந்தனாங்கள். இப்ப காசு குடுத்து இருக்கப் போறியோ?"

"ஐயோ அம்மா, அது அந்தக் காம்ப் இல்லை. கம்பீங்!" என்றாள் தங்கச்சி, பிரெஞ்சு மூக்கால். "என்ரை வகுப்பிலை எல்லாரும் போறவை."

"பணக்காரர் அகதி விளையாட்டு விளையாடுகினம் எண்டு சொல்லு."

அப்பா சிரிக்கவில்லை. அவருக்குக் கூடாரம் பிரச்சினை அல்ல, எல்லைதான். "அங்கை சென்றி இருக்கோ?" என்று கேட்டார். ஊரில் ஆமிக்காரர் மறித்து விசாரிக்கும் இடத்துக்கு அதுதான் பெயர். இருக்கிறது என்றேன்.

"எல்லாச் சென்றியிலையும் எனக்காக வேறை ஆரோதான் கதைச்சவை," என்றார். "ஒருக்கா ஊர் விதானையார். ஒருக்கா பாதர். இஞ்சை வந்தாப்பிறகு பெரியவன். நான் மாடு மாதிரிப் பக்கத்திலை நிண்டனான். இந்த முறை நான்தான் ஓடுவன், நான்தான் கதைப்பன். நீ வாய் திறக்கக்கூடாது. ஓம் எண்டால் போவம். இல்லையெண்டால் நான் படுக்கிறன்."

ஓம் என்றேன். பயணம் முழுவதும் அந்த ஒரு சொல்லில் தொங்கியது.

பிறகு வந்த மூன்று கிழமையும் வீட்டில் இரண்டு வேலை நடந்தது. கூடாரத்தை ஆற்றுக்கு அக்கரை லொங்குய்யில் ஒரு வீட்டு முற்றத்து விற்பனையில் பதினைந்து டொலருக்கு வாங்கினோம். அதில் ஒரு தடி குறைவு. அப்பா கடையில் கிடந்த நிலம் கூட்டும் பழைய தும்புத்தடியை அளந்து வெட்டிச் சரிப்படுத்தினார். எல்லையில் எதைக் கொண்டுபோகலாம், எதைக் கூடாது என்று நூலகக் கணினியில் பார்த்து அம்மாவுக்குப் பட்டியல் வாசித்தேன். இறைச்சி கூடாது. தேசிக்காய் கூடாது. கறிவேப்பிலை கூடாது. அம்மா ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். "கறிவேப்பிலைக்குமோ பயப்பிடுறாங்கள்?" என்று கேட்டாலும், நான் சொன்னதற்கு மாறாக ஓர் இலைகூடப் போகவில்லை. அரிசி, பருப்பு, தூள், கருவாட்டுக்குப் பதிலாகத் தகர மீன். சாப்பாட்டுக் கடைப் பக்கமே நாங்கள் போகத் தேவையில்லை.

மற்ற வேலை பின்னேரங்களில் நடந்தது. நான் கதிரையில் அதிகாரியாக இருப்பேன், அப்பா எதிரே இன்னொரு கதிரையில் வான் ஓட்டுவார். எங்கே போகிறாய், எத்தனை நாள், என்ன கொண்டுபோகிறாய் என்று மூன்று கேள்வி. மூன்று பதிலையும் இங்கிலிஷில் மனப்பாடம் செய்தார். வேலைக்கு ஏறும் பஸ்ஸிலும் முணுமுணுத்துக்கொண்டு போனதாகப் பக்கத்து வீட்டு மாமி அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். "உன்ரை மனுசனுக்கு என்ன, மந்திரம் பிடிச்சிட்டுதோ?"

புறப்பட்ட காலை அம்மா நாலு பாஸ்போட்டையும் சாமித்தட்டிலிருந்து எடுத்துத் தந்தார். அவை அங்கே ஒரு கிழமையாக இருந்தன. அதை நான் யோசிக்கவே இல்லை.

வெர்மான்ட் எல்லையில் எங்களுக்கு முன்னால் ஏழெட்டுக் கார். அப்பா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். எங்கள் முறை வந்ததும் கண்ணாடியை இறக்கினார். உள்ளே இருந்த அதிகாரி முதலில் எங்கே வசிக்கிறீர்கள் என்று கேட்டார். நாங்கள் பழகாத கேள்வி.

"காம்பிங், சேர்," என்றார் அப்பா.

"காம்பிலேயா வசிக்கிறீர்கள்?"

"த்ரீ நைட்ஸ், சேர்."

தங்கச்சி தலையணைக்குள் முகத்தைப் புதைத்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அப்பா ஒரு மூச்சு எடுத்து, தானாகவே திருத்தினார். "ஹவுஸ் மொன்றியல், சேர். நௌ காம்பிங்." அதிகாரி தலையாட்டிவிட்டு பாஸ்போட்டுகளுக்குக் கை நீட்டினார். அம்மாவுடையதைத் திறந்தார். உள்ளேயிருந்து மடித்த கடதாசி ஒன்று விழுந்து, விரிந்து, அவருடைய கறுப்புக் கையுறை முழுவதும், அப்பாவின் ஸ்டியரிங்கிலும் வெள்ளைத் தூள்.

டொலார்ட் முருகன் கோயில் விபூதி. பயணம் நல்லபடி முடியட்டும் என்று அம்மா வைத்திருக்கிறார். குண்டுப் பயத்தில் விமான நிலையங்களில் சப்பாத்தைக் கழற்றவைத்த வருடங்கள் அவை. அதிகாரி அசையவில்லை. குரல் மட்டும் மாறியது. இது என்ன என்று கேட்டார்.

என் வாயில் ஒரு சொல் வந்துவிட்டது. புனிதத் தூள் என்பதை இங்கிலிஷில் சொல்லப் போனேன். படித்த படிப்பெல்லாம் சேர்ந்து எனக்குத் தந்தது அந்த ஒரு சொல்தான்: பவுடர். போதைத்தூள் தேடும் அந்த யன்னலில் அதைவிடக் கெட்ட சொல் வேறு இல்லை என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது. நான் வாயைத் திறக்க முன்னமே அப்பா சொன்னார்:

"ஆஷ், சேர்."

கோழிக் கடையில் ஒவ்வொரு காலையும் அவர் அள்ளிக் கொட்டுவது அதுதான். முதலாளி நாளுக்குப் பத்துத் தரம் கத்துவதும் அந்தச் சொல்லைத்தான். அப்பாவிடம் இருந்த இங்கிலிஷில் அதுதான் ஆகவும் உறுதியானது.

"சாம்பலா? யாருடைய சாம்பல்?" என்று அதிகாரி கேட்டார். எங்களில் யாரோ செத்துவிட்டதாக நினைத்திருக்க வேண்டும்.

"கௌ, சேர்," என்றார் அப்பா. "கௌ ஆஷ். கொட் ஆஷ்." பசுவின் சாம்பல், கடவுளின் சாம்பல். ஸ்டியரிங்கில் சிந்தியிருந்ததை மூன்று விரலால் மெதுவாகத் தொட்டு நெற்றியில் பூசிக் காட்டினார். பிறகு கையைத் திரும்ப ஸ்டியரிங்கில், அவர் பார்க்கும்படி வைத்துக்கொண்டார். அந்தக் கையை நான் அதற்கு முன்னும் பார்த்திருக்கிறேன். அன்றுதான் ஒழுங்காகப் பார்த்தேன்.

வானை ஒதுக்குப்புறமாக விடச் சொன்னார்கள். உள்ளே நீள வாங்கு ஒன்றில் முக்கால் மணித்தியாலம் இருந்தோம். கடதாசியை யாரோ கொண்டுபோய்ச் சோதித்தார்கள். அம்மா தலையைக் குனிந்தபடி, "என்னாலைதான் எல்லாம்," என்றார்.

"நீ வைச்ச இடம் பிழை. வைச்சது பிழையில்லை," என்றார் அப்பா.

இன்னொரு அதிகாரி, ஒரு பெண், வந்து நான்தான் மகனா, மொழிபெயர்க்க வேண்டுமா என்று என்னைக் கேட்டார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா எழும்பி நின்றார். அந்தப் பெண் கேட்ட நாலைந்து கேள்விக்கும் தன்னிடம் இருந்த முப்பது சொல்லுக்குள் பதில் சொன்னார். தெரியாத இடத்தில் "நோ நோ இங்கிலிஷ், ஸ்லோ ப்ளீஸ்" என்றார். அப்படிக் கேட்கலாம் என்று எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. கல்லூரியில் விளங்காத இடத்தில் விளங்கியமாதிரித் தலையாட்டுபவன் நான்.

பாஸ்போட்டுகளை அப்பாவின் கையில் கொடுத்து, "நல்ல விடுமுறை, சேர்," என்றார் அந்தப் பெண்.

வான் ஓடத் தொடங்கி இரண்டு கிலோமீற்றர் கடந்தோம். பிறகு அப்பா கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தார்.

"என்னையோ சேர் எண்டவ?"

"ஓம் அப்பா."

"நல்லாக் கேட்டனியோ?"

"எனக்கும் கேட்டது," என்றாள் தங்கச்சி. "ஆனால் நீங்கள் காம்பிலை வசிக்கிறீங்கள் எண்டும் சொன்னனீங்கள்."

அம்மாதான் முதலில் சிரித்தார். பிறகு பெற்றோல் அடிக்கும் இடம் வரைக்கும் எங்களால் சிரிப்பை நிறுத்த முடியவில்லை.

மெய்னில் மூன்று நாளும் வெயில் எறித்தது. தண்ணீர் எலும்பைக் கடிக்கும் குளிர், ஆனாலும் அப்பாவும் அம்மாவும் இறங்கியே குளித்தார்கள். நாலாம் நாள் காலை நான் கூடாரத்தின் ஆணிகளைப் பிடுங்கத் தொடங்கினேன். அப்பாவைக் காணவில்லை. வாசலில் காசு கட்டும் சின்னக் கந்தோர்ப் பக்கமிருந்து நடந்து வந்தார், கையில் ஒரு ரசீதுத் துண்டு.

"ஆணியைத் திருப்பி அடி," என்றார். "இன்னும் ஒரு இரவு கேட்டனான்."

"ஆரைக் கேட்டனீங்கள்?"

"அங்கை இருக்கிற மனுசனை. நான்தான் கேட்டனான். குடுத்திட்டான்."

என் கடதாசியில் அந்த இரவு இல்லை. பெற்றோல், கூடாரம், சாப்பாடு, மூன்று இரவுக்கான இடம் எல்லாம் சேர்த்து நான் போட்டிருந்தது முந்நூற்றைம்பது கனடா டொலர். அப்பா தன் வாயால் கேட்டு வாங்கிய நாலாவது இரவுடன் அது முந்நூற்று எழுபத்தெட்டு.