தண்டவாளத்தில் நின்ற ஓட்டோ

போன வருடம் மாரி மழை ஓய்ந்து, வயல்களில் அறுவடை தொடங்கியிருந்த நேரம். கிளிநொச்சிக்குக் கிட்ட, கேற் இல்லாத ஒரு சின்ன ரயில் கடவையில் நடந்தது இது.

நான் முரசுமோட்டையில் இருந்து ஓட்டோ ஓடுகிறேன். பெண்பிள்ளைக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிக் களைத்துப்போய், இப்போதெல்லாம் ஹோர்ன் அடித்துவிட்டுப் போய்விடுவேன். ஓட்டோவை வாங்கித் தந்தவர் கனடாவில் இருக்கும் அண்ணா. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. வண்டி எங்கே போகிறது என்று அவருடைய போனில் காட்டும் ட்ராக்கரைப் பொருத்திப் பூட்ட வேண்டும், களவு போனால் அங்கிருந்தபடியே எஞ்சினை நிறுத்தவும் முடிய வேண்டும். கடையில் அதைப் பூட்டிய தம்பி, ஓடிக்கொண்டிருக்கும்போதும் எஞ்சின் அமர்ந்து நின்றுவிடும், பரவாயில்லையா என்று கேட்டார். அதுதானே வேண்டும் என்றார் அண்ணா போனில். அந்தக் கேள்வியின் பாரம் அன்று எங்கள் இருவருக்குமே விளங்கவில்லை.

சம்பவம் நடந்த காலை, தெரிந்த அக்கா ஒருவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு வந்தேன். அவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. செயற்கைக் கால் உரசிப் புண்ணாகிவிட்டதால் அதைக் கழற்றி, துவாயில் சுற்றி மடியில் வைத்திருந்தார். வழமையாகப் போகும் வீதியில் மதகு வேலை நடந்தது. அதனால் ஒருநாளும் போகாத ஒரு கிறவல் மண் பாதையால் திருப்பினேன். பையில் இருந்த போன் இரண்டு தரம் அடித்தது. ஓடும்போது நான் போன் எடுப்பதில்லை, விட்டுவிட்டேன்.

கடவையில் நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் ஏறினேன். முன்சில்லு தண்டவாளத்தைத் தாண்டியதும் எஞ்சின் பொசுக்கென்று அமர்ந்தது. ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. மறுபடி முயன்றேன், இல்லை. அப்போதுதான் தூரத்தில் ரயில் கூவியது.

அக்காவுக்கும் கேட்டுவிட்டது. "நீர் இறங்கி ஓடும் பிள்ளை," என்றார், ஏதோ கடைக்குப் போய்வரச் சொல்வது போல. எனக்குப் பயத்தை விடக் கோபம்தான் வந்தது.

"வாயை மூடிக்கொண்டு கம்பியைப் பிடியுங்கோ," என்றேன். என்னிலும் மூத்த ஒருவரிடம் நான் அப்படிக் கதைத்தது அதுதான் முதல் தடவை.

நியூட்ரலில் போட்டுக் குதித்து, ஹாண்டிலைப் பிடித்துத் தள்ளினேன். பின்சில்லு தண்டவாளத்தில் முட்டிக்கொண்டு அசையவில்லை. பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் அதைப் பாதையில் அப்படியே சரித்துவிட்டு ஓடிவந்தார். ஒரு வார்த்தை கதைக்காமல் தோளைக் கொடுத்தார். ஓட்டோ ஒரு துள்ளலோடு மற்றப் பக்கம் இறங்கிப் பற்றைக்குள் நின்றது. நான் நிமிர்ந்து மூச்சு எடுக்க முன் ரயில் போனது. அந்த மனிதர் என் தலையைத் தொட்டுவிட்டு, தன் மோட்டார் சைக்கிளை நிமிர்த்தப் போய்விட்டார். அவருடைய பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

மறுபடி போன் அடித்தது. அண்ணாதான். குரலில் பெருமை வழிந்தது.

"பயப்பிடாத. ஆரோ ஓட்டோவைக் கொண்டு போறாங்கள். நான் நிப்பாட்டிப் போட்டன்."

"அண்ணா, தண்டவாளத்தில நிப்பாட்டினீங்கள்," என்றேன்.

தெரியாத பாதையில் வண்டி போவதைக் கண்டு அழைத்திருக்கிறார். நான் எடுக்காததால் களவுதான் என்று முடிவு கட்டிவிட்டார். எல்லாம் என் மேல் உள்ள அக்கறையில்தான். அவர் போனில் விடுவித்ததும் எஞ்சின் பிடித்தது, அக்காவைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் இறக்கினேன்.

அன்று வீட்டில் ஒரே பேச்சு, ஓட்டோவை விற்றுவிடு என்று. அம்மா அழுதார். இனி உன் செலவை நானே பார்க்கிறேன் என்றார் அண்ணா. நான் விற்பதில்லை என்று ஒரே பிடியாக நின்றேன். ட்ராக்கரைப் பிடுங்கி எறியவும் மனமில்லை. ஓட்டோ களவு போனால் என் சோறும் அதோடு போய்விடும்.

அடுத்த நாள் அந்தக் கடைக்குப் போய், ஒரு கதிரையை இழுத்து ஓட்டோவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். சரியாகப் பூட்டுவதைக் கண்ணால் பார்க்காமல் எழும்பமாட்டேன் என்றேன். தம்பி முதலில் பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினார். எஞ்சினைப் பற்றவைக்கும் வயரில் இருந்த ட்ராக்கரின் இணைப்பை எடுத்து, ஸ்டார்ட்டருக்குப் போகும் வயரில் போட்டார். ஒவ்வொன்றுக்கும் ஏன், எதற்கு என்று கேட்டு அவரைப் படாதபாடு படுத்தினேன். இனி ஓடுகிற எஞ்சின் அமராது, நிறுத்திய வண்டிதான் திரும்ப ஸ்டார்ட் ஆகாது, கள்ளனைத் தடுக்க அது போதும் என்றார். ஃபியூஸ் போட்டு, வயர்களைச் சூடுபடாத பக்கமாகக் கட்டிவிட்டார்.

வாயால் சொன்னதை நம்ப நான் தயாரில்லை. எஞ்சினை ஓடவிட்டு, அண்ணாவுக்குப் போன் எடுத்தேன்.

"இப்ப அமத்துங்கோ," என்றேன்.

"எனக்குக் கை வருகுதில்லை."

"அமத்துங்கோ அண்ணா. நான் பாக்க வேணும்."

கொஞ்சம் பொறுத்து, அமத்திப் போட்டன் என்றார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. போனை அதற்குக் கிட்டப் பிடித்தேன். அண்ணா அழுவது கேட்டது. நானும் அழுதேன். கடைத் தம்பி எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டார். பிறகு திறப்பைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினேன். எத்தனை தரம் முயன்றும் ஸ்டார்ட் ஆகவில்லை. அண்ணா விடுவித்த பிறகுதான் கடையை விட்டுப் புறப்பட்டேன்.

அந்த அக்கா இன்றும் என் ஓட்டோவில்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார், தன்னை வாயை மூடச் சொன்ன கதையை எல்லோருக்கும் சொல்லிச் சிரிக்கிறார். புதுப் பாதையால் போவதென்றால் புறப்பட முன் அண்ணாவுக்குச் சொல்லிவிடுகிறேன். என் மேல் பாசம் உள்ளவர்கள் எங்கிருந்தும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும், ஆனால் ஓடுகிற ஓட்டோவை எங்கே நிறுத்துவது என்பதை, ஹாண்டிலைப் பிடித்திருக்கும் நான்தான் முடிவு செய்வேன்.