ரம் கலந்த பானகம்

மாலை போட்ட எட்டாம் நாள், ஓட்டல் பாரின் மேனேஜர் பயிற்சியில் இருந்த எங்கள் இருவரையும் கூப்பிட்டு, டிசம்பர் மூன்றாம் வாரம் எங்களுக்குப் பரீட்சை என்றார். ஆளுக்கு ஒரு காக்டெயில். புத்தகத்தில் இருப்பது ஆகாது, சொந்தமாக யோசித்ததாக இருக்க வேண்டும். சிரப் முதற்கொண்டு நாங்களே காய்ச்ச வேண்டும். எவருடையது தேறுகிறதோ அவர் ஜனவரியிலிருந்து பார்டெண்டர். மற்றவர் மறுபடியும் ஹவுஸ்கீப்பிங்கில் படுக்கை விரிக்கப் போக வேண்டியதுதான்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடங்கள் ஆகியிருந்த சமயம் அது. எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். பன்னிரண்டு முடித்து ஓட்டல் டிப்ளமோவும் வாங்கியிருந்தேன். எனக்கு ஒரு பெரிய ஓட்டலில் இடம் கிடைத்தால் மாலை போட்டு மலைக்கு அனுப்புகிறேன் என்று அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். இடம் கிடைத்தது. அதனால் கழுத்தில் துளசிமணி, இடுப்பில் கருப்பு வேட்டி, நாற்பத்தெட்டு நாள் விரதம். ஓட்டலில் மட்டும் வெள்ளைச் சட்டையின் காலருக்குள் மணியை மறைத்துக்கொள்வேன். அப்படியும் பாரில் எல்லோருக்கும் தெரிந்துபோய், "சாமி, நாலாம் நம்பர் டேபிளுக்கு ரெண்டு விஸ்கி" என்று வேண்டுமென்றே சத்தமாகச் சொல்வார்கள்.

சிக்கல் எங்கே என்றால், பாரில் எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்த பாடமே, கலக்கியதை ருசி பார்க்காமல் வெளியே அனுப்பக் கூடாது என்பதுதான். ஸ்ட்ராவை உள்ளே விட்டு, மேல் நுனியை விரலால் மூடி, ஏறி நிற்கும் நாலு சொட்டை நாக்கில் விட்டுப் பார்க்க வேண்டும். மாலை போட்டவன் நாக்கில் ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது. மாலையை நடுவில் கழற்றுவதென்றால், அந்த வேலைக்காகவே வேண்டிக்கொண்ட அம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பது?

அம்மா எங்கள் குருசாமியிடம் போய்க் கேட்டாள். அவர் மீன் மார்க்கெட்டில் ஐஸ் உடைக்கிறவர்.

"நம்ம குழுவுல ஒரு சாமி மீன் வெட்றாரும்மா. கத்திய கீழ வெச்சுட்டா வீட்ல உலை எப்படி வைப்பாங்க? கை வேல வேற, வாய் வேற. நாக்குல படாம பாத்துக்கச் சொல்லு" என்றார்.

அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. ஆனாலும் மாலைசாமி படுக்கிற வீட்டுக்குள் பாட்டில் வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள். பெங்களூர் நீலசந்திராவில் எங்களுக்குத் தரைத்தளத்தில் ஒரே அறை. அதே கட்டடத்தின் மாடியில் அக்காவும் மாமாவும் குடியிருந்தார்கள். கலக்குவது அக்கா வீட்டுச் சமையல்கட்டில், ஒரு சொட்டும் என் நாக்கில் படாமல், ருசி பார்ப்பது மாமா என்று முடிவாயிற்று. மாமா கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு லீவு. எனக்கு அன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் ஷிப்ட்.

நான் செய்ய நினைத்தது பானகத்தைத்தான். ராமநவமிக்குத் தெருவில் அண்டா வைத்து ஊற்றுவார்களே, அதே வெல்லம், சுக்கு, ஏலக்காய், எலுமிச்சை. ரம்மும் கரும்பிலிருந்து வருவது, வெல்லமும் கரும்பிலிருந்து வருவது, இரண்டும் சேராமல் எங்கே போகும் என்பது என் கணக்கு. அக்காவுக்குத்தான் ஆறவில்லை.

"ஊர்ல வேற எதுவும் கிடைக்கலியா? சாமிக்கு வெக்கிற பானகத்துலதான் ஊத்தணுமா? ஏன்டா..." என்று ஆரம்பித்து, மாலை போட்டவனை 'டா' போட்டுவிட்டோமே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஏன் சாமி, உனக்கே நல்லா இருக்கா?" என்று முடித்தாள்.

"கடை வாசல்ல நின்னு வாங்கிட்டு வந்தது நான். பாவம் எனக்கு. நீ ஐஸ எடு" என்றார் மாமா. அது உண்மை. கருப்பு வேட்டியோடு நான் ஒயின் ஷாப் வரிசையில் நிற்க முடியாது என்பதால் அரை பாட்டில் ரம்மை அவர்தான் வாங்கி வந்திருந்தார்.

ஷேக்கர் கிடையாது. மூடி இறுக்கமான எவர்சில்வர் தூக்கு ஒன்று இருந்தது. அளவுக்கு, அக்கா பிள்ளையின் காய்ச்சல் மருந்தோடு வந்த பிளாஸ்டிக் மூடி. அதில் ஐந்து மில்லி, பத்து மில்லி என்று கோடு போட்டிருக்கும். ரம் நாற்பத்தைந்து, வெல்லப்பாகு முப்பது, எலுமிச்சை பதினைந்து என்று நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, தூக்கில் ஐஸ் போட்டு, மூடியைத் துண்டால் கட்டிக் குலுக்கினேன். முதல் நாள் பாதி என் சட்டையில்தான் போயிற்று.

"ஒரு வாய் எடுத்து நாக்குல சுத்திட்டுத் துப்பிடுங்க மாமா. அப்பதான் அடுத்ததுல வித்தியாசம் தெரியும்."

"துப்பறதா? எதை?"

"வாயில இருக்கறதத்தான்."

மாமா அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "உன் தம்பிக்குப் பட்டினியில தல சுத்துது. ரம்மப் போய்த் துப்பச் சொல்றான்."

"துப்புங்க" என்றாள் அக்கா, அடுப்பைப் பார்த்தபடியே. "இத்தன வருஷம் முழுங்கினது போதும்."

மாமா துப்பவில்லை. ஆனால் நான் எதிர்பார்த்ததைவிட நிதானமாகக் குடித்தார். ரம்மில் பைப் தண்ணீர் ஊற்றி இரண்டே மடக்கில் காலி செய்கிற மனிதர், என் கண்ணாடி டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, முகர்ந்து, ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டார். "சக்கத்தா இருக்கு" என்றார், பிரமாதம் என்பதற்கு எங்கள் ஊர்க் கன்னடத்தில். நோட்டில் அதையும் எழுதிக்கொண்டேன்.

அதற்கடுத்த ஞாயிறுகளில்தான் விஷயம் கோணலாகப் போயிற்று. ரம் சேர்ப்பதற்கு முன்னால் வெறும் பானகத்தை நான் ருசி பார்க்கலாம், அதில் தடையில்லை. விடியுமுன் பச்சைத் தண்ணீரில் குளியல், ஒரு வேளைச் சோறு, வெங்காயம் பூண்டு கிடையாது, காபி டீ கிடையாது என்று மூன்று வாரம் போனதும் என் நாக்கு வேறு ஆளின் நாக்காகிவிட்டது. ஒரு ஸ்பூன் பாகு பட்டாலே பல் கூசியது. சுக்கு தொண்டையைச் சுட்டது. இவ்வளவு இனிப்பா போட்டிருந்தேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. முப்பதை இருபத்தைந்தாக்கினேன். பிறகு இருபது. சுக்கையும் பாதியாகக் குறைத்தேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு இன்னும் சுத்தமாக, இன்னும் சரியாகப் பட்டது. விரதத்தால் எனக்கு ஒரு தேர்ந்த நாக்கு வாய்த்துவிட்டதென்றே நம்பினேன்.

"சப்புனு இருக்கு" என்றார் மாமா.

"நல்லா பாருங்க மாமா."

"பாத்துட்டேன். ரம்மு தனியா நிக்குது, தண்ணி தனியா நிக்குது. மொத வாட்டி பண்ணதே பண்ணு. ஒரு சிட்டிகை உப்பும் போடு."

"வெறும் பானகம் எவ்ளோ கரெக்டா இருக்குன்னு குடிச்சுப் பாருங்க."

"டப்பாவுல இருக்கற கலரப் பாத்து சரின்னு அடிச்சுட்டு, செவுரு காஞ்சதும் வீட்டுக்காரம்மாகிட்ட ஏச்சு வாங்கினவன் நான். ஐஸு போட்டு, ரம்மு போட்டு, அப்புறம் எப்படி இருக்குன்றதுதான் பேச்சு."

பரீட்சைக்கு நாலு நாள்தான் இருந்தது. பாட்டிலில் ரம்மும் அடியில்தான் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. மாலை போட்டவன் கோபப்படக் கூடாது என்பது ஞாபகம் இருந்தும் வந்தது.

"உங்களுக்கு எல்லாமே காட்டமா இருக்கணும். குடிச்சுக் குடிச்சு உங்க நாக்கு மரத்துப் போச்சு மாமா."

அக்கா கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். மாமா டம்ளரில் மிச்சமிருந்ததைக் குடிக்காமல் கழுவும் தொட்டியில் ஊற்றினார். அவர் ரம்மைக் கீழே ஊற்றி அன்றுதான் பார்த்தேன். "சரி சாமி. படிச்சவன் நீ, உனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

பரீட்சை மதியம் மூன்று மணிக்கு, பார் திறப்பதற்கு முன். என்னோடு இருந்த பயிற்சியாளர் கொய்யாவும் மிளகாயும் வைத்து ஒன்று செய்தார். அதை அவர் முதலில் ஸ்ட்ராவால் பார்த்துவிட்டு மேனேஜர் முன் வைத்தார். என் முறை வந்தபோது என் கை ஸ்ட்ராவை நோக்கிப் போய் நின்றது.

மேனேஜர் மங்களூர்ப் பக்கத்துக்காரர், எல்லோரிடமும் மூன்று பாஷையைக் கலந்து பேசுவார். "நீங்க பாக்க வேணாம் சாமி, மாலை இருக்கில்ல. ஆனா இத யாராவது முழுசா டேஸ்ட் பண்ணியிருக்காங்களா?"

"எங்க மாமா பண்ணார் சார்."

"என்ன சொன்னார்?"

பாகு பாட்டில் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. இன்னும் பத்து ஊற்றி, உப்பைத் தூவியிருக்கலாம். "நல்லா இருக்குன்னு சொன்னார் சார்" என்றேன். முதல் ஞாயிறு அவர் சொன்னதுதானே என்று மனதுக்குள் ஒரு சமாதானம். அது வேறு டம்ளர் என்பது எனக்குத் தெரியும். நாக்கில் ரம் படாமல் அத்தனை நாள் காத்தவன், அதே நாக்கால் ஒரு பொய்யைச் சொன்னேன்.

மேனேஜர் ஒரு வாய் குடித்தார். சற்று இருந்து இன்னொரு வாய். டம்ளரைத் துணியால் துடைத்துத் தள்ளி வைத்தார்.

"ஐடியா சக்கத் ஐடியா. ஆனா ஒடம்பு சரியில்லாதவங்களுக்குப் பண்ண மாதிரி இருக்கு. வெல்லம் எங்கன்னு தேட வேண்டியதா இருக்கு."

கொய்யாவும் மிளகாயும் தேறியது. மார்ச்சில் தோட்டத்துப் பக்கம் இன்னொரு கவுன்டர் திறக்கப் போவதாகவும், பிப்ரவரியில் இன்னொரு தடவை செய்து காட்டலாம் என்றும் மேனேஜர் சொன்னார். அது வரை ஹவுஸ்கீப்பிங். வீட்டில் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். "மலைக்குப் போயிட்டு வா, எல்லாம் சரியாவும்" என்றாள். மாமாவுக்குச் சொல்லவில்லை. அக்கா சொல்லியிருப்பாள்.

இருமுடி கட்டி, மலையேறி, தரிசனம் முடித்து ஜனவரியில் திரும்பினேன். அம்மா மாலையைக் கழற்றிச் சாமி படத்துக்குப் போட்டாள். அடுத்த ஒரு வாரம் பிரியாணி, டீ, வெங்காய பஜ்ஜி என்று கண்டதையும் தின்றேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே ஒயின் ஷாப்பில் நின்று ரம் வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். மாமா வெளியே போயிருந்தார். நோட்டைத் திறந்து, பரீட்சைக்கு வைத்த அதே அளவில் கலக்கி, ஸ்ட்ராவை விட்டு எடுத்து நாக்கில் விட்டேன்.

ரம் தனியாக நின்றது. தண்ணீர் தனியாக நின்றது. நடுவில் எங்கோ சுக்கு லேசாக வாசனை அடித்தது. பாகை இருபத்தைந்தாக்கிப் பார்த்தேன். முப்பதாக்கி, உப்புச் சிட்டிகை போட்டபோதுதான் அது ஒரே பொருளாகச் சேர்ந்தது.

மாமா படியேறி வந்தவர், அடுப்படியில் என்னைப் பார்த்ததும் திரும்பிப் போகப் பார்த்தார்.

"மாமா, ஒரு வாய் பாருங்க."

"எனக்கு என்னப்பா தெரியும்? மரத்துப் போன நாக்கு."

"என் நாக்குதான் மாமா ஆஸ்பத்திரி நாக்கா இருந்துச்சு. நீங்க சொன்னத மேனேஜர்கிட்ட மாத்திச் சொல்லிட்டேன். தப்பு பண்ணிட்டேன்."

"என்னன்னு சொன்ன?"

"நல்லா இருக்குன்னு நீங்க சொன்னதா."

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடப்பாவி. என் பேர வெச்சு அந்தச் சப்புத் தண்ணியக் குடுத்தியா? அவன் என்னப் பத்தி என்ன நெனச்சிருப்பான்?" அவருக்கு அதுதான் பெரிய வருத்தமாக இருந்தது. டம்ளரை வாங்கிக் குடித்துவிட்டு, சுக்கை இன்னும் கொஞ்சம் ஏற்றச் சொன்னார். ஏற்றினேன்.

பிப்ரவரியில் அதே மூன்று மணிக்கு, இந்தத் தடவை ஸ்ட்ராவால் நானே பார்த்துவிட்டு வைத்தேன். யார் ருசி பார்த்தது என்று மேனேஜர் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன்: போன தடவை மாமா சப்பென்று இருப்பதாகத்தான் சொன்னார், நான்தான் கேட்கவில்லை என்று. "அப்படியா? அப்ப அவர வேலைக்கு வெச்சுக்கலாம்" என்று சிரித்தார். மார்ச்சிலிருந்து தோட்டத்துக் கவுன்டர் எனக்கு என்று கடிதம் வந்தது.

பானகம் மட்டும் மெனுவில் ஏறவில்லை. சாமி பிரசாதத்தின் பெயரை பாரில் போட்டால் யாராவது வந்து சண்டை பிடிப்பார்கள், வேறு பெயர் வைத்தால் யாருக்கும் புரியாது என்று மேலே சொல்லிவிட்டார்கள். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அக்காவுக்கு நிம்மதி. "சாமியாப் பாத்துக் காப்பாத்தினாரு" என்றாள்.

"வேல கெடச்சுதில்ல, வுடு. இதப் போடு, ரெண்டு" என்றார் மாமா.

"ரெண்டா?"

"உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு."

நாலு சொட்டு ருசி பார்ப்பது தொழில். அக்கா புருஷனுக்கு எதிரே உட்கார்ந்து ஒரு டம்ளர் குடிப்பது வேறு. எங்கள் வீட்டில் அதுவரை அப்படி யாரும் செய்ததில்லை. கலக்கி இரண்டு டம்ளரில் ஊற்றிவிட்டேனே தவிர, என்னுடையதைக் கையில் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு தன் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்து, ஜன்னல் பக்கம் போய் எனக்கு முதுகைக் காட்டி நின்று, "கீழ தண்ணி லாரி வந்துடுச்சா பாரு" என்று அக்காவைக் கேட்டார். அவள் எட்டிப் பார்த்து, வரவில்லை என்றாள். அவர் திரும்பவே இல்லை. நான் குடித்து முடித்து டம்ளரைக் கழுவி வைக்கிற வரைக்கும் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.